ஏஜெண்டு சாஸ்திரியார்
(நெற்குப்பையில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



'ஏஜெண்டு' என்னும் சொல்லை இவ்வூரில் எவருக்கும் விளக்க வேண்டுவதில்லை. முதலாளி ஊரில் இருப்பார். கடை ரங்கூனிலோ பினாங்கிலோ கொழும்பிலோ இருக்கும். முதலாளி எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டு கப்பலேறி, மூன்றாண்டுக் கணக்கு முடியும் வரையில் அங்கேயே தங்கிக் கொடுக்கல் வாங்கலைப் பார்த்து வருபவர் ஏஜெண்டு. ஊருக்குக் கடிதம் போய் மறுமொழி வருவதற்குள் வாரங்கள் கழிந்துவிடும். அதற்குள் எழும் சிக்கலுக்கெல்லாம் அவர் சொல்லே முதலாளியின் சொல். கடையின் நாணயம் முழுவதும் அந்த ஒரு மனிதரின் நாவிலும் நடத்தையிலும் தங்கியிருந்தது.

1927-ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் தென்னாப்பிரிக்க யூனியனில் தன் சார்பாக ஒருவரை இருத்தியது. அவருக்கு அது கொடுத்த பதவிப் பெயரும் இதுவே. தூதர் என்று அழைக்கவில்லை. ஹைகமிஷனர் என்றும் அழைக்கவில்லை. ஏஜெண்டு என்றே அழைத்தது. தோட்டத் தொழிலாளரின் நலம் பார்ப்பதற்கென இலங்கையிலும் மலாயாவிலும் அதற்கு முன்பே ஏஜெண்டுகள் இருந்ததுண்டு. ஆயினும் தன்னாட்சி பெற்ற ஒரு நாட்டின் அமைச்சர்களோடு நேருக்கு நேர் அமர்ந்து அரசியல் பேசுவதற்கென இந்தியா அனுப்பிய முதல் மனிதர் அவர்தாம். வலங்கைமான் சங்கரநாராயண சீனிவாச சாஸ்திரியார் என்பது அவர் பெயர். உலகம் அவரை மகாகனம் சாஸ்திரியார் என்றும் வெள்ளி நாக்குப் படைத்தவர் என்றும் அறிந்தது. அவருடைய வாழ்வில் ஆப்பிரிக்கா பெற்ற இடத்தைப் பற்றியே இங்கே பேசப்படுகிறது.

கடல் கடந்த கதையைப் பேசுவதற்கு நெற்குப்பை ஏற்ற ஊர். பயண நூல்களாலும் மாவட்ட நூல்களாலும் தமிழனுக்கு உலகத்தையும், உலகத்துக்கு இணையாகத் தமிழனின் சொந்த மாவட்டத்தையும் காட்டிய சோமலெ பிறந்த மண் இது. ஆனால் செட்டிநாட்டுக் கப்பல்கள் பெரும்பாலும் கிழக்கு நோக்கியே சென்றன. 'கொண்டு விக்கப் போதல்' என்று முன்னோர் குறித்த பயணம் பர்மா, மலாயா, சைகோன், இலங்கை என்னும் வட்டத்துக்குள் அடங்கியது. மேற்கே, ஆப்பிரிக்கக் கரைக்குப் போன தமிழர் வேறு வகையினர். அவர்கள் முதல் கொண்டு போகவில்லை. ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்துத் தங்களையே கொண்டு போனார்கள்.

1860 நவம்பர் 16-ஆம் நாள் சென்னையிலிருந்து புறப்பட்ட 'டுரூரோ' என்னும் கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதுமுதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குச் சென்றவர் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். தமிழரும் தெலுங்கரும் ஆவர். கரும்புத் தோட்டங்களிலும், நிலக்கரிச் சுரங்கங்களிலும், இரயில் பாதைகளிலும் அவர்கள் உழைத்தனர். ஒப்பந்தம் முடிந்தபின் அங்கேயே தங்க விரும்பியவர் மீது ஆண்டுக்கு மூன்று பவுன் தலைவரி விழுந்தது. அந்த வரியை எதிர்த்து 1913-இல் சுரங்கத் தொழிலாளரும் தோட்டத் தொழிலாளரும் வேலைநிறுத்தம் செய்ததும், தில்லையாடி வள்ளியம்மை சிறைசென்று வந்து 1914 பிப்ரவரியில் உயிர் நீத்ததும் தமிழர் அறிந்த வரலாறு. காந்தியடிகள் இந்தியா திரும்பியபின் அந்த வரலாறு என்னவாயிற்று என்பதுதான் பலர் அறியாதது. கோட்டையூர் ஏ. கே. செட்டியார் 1940-இல் வெளிவந்த காந்தி ஆவணப்படத்துக்காகத் தென்னாப்பிரிக்கா வரை சென்று வந்தார் என்பதை இவ்விடத்தில் நினைவு கூர்வது பொருந்தும். காந்தியடிகள் நடந்த தடத்தை அவர் தேடிப் போனார். அத்தடத்தின் மீது பிறகு வேறொரு தமிழரும் நடந்திருந்தார்.

சாஸ்திரியார் 1869 செப்டம்பர் 22-ஆம் நாள் கும்பகோணத்தை அடுத்த வலங்கைமானில் பிறந்தார்; காந்தியடிகளுக்குப் பத்து நாள் மூத்தவர். அதனாலேயே இருவருக்கும் இடையில் அண்ணன் தம்பி முறை வழங்கிற்று. தந்தையார் வறுமைப்பட்ட புரோகிதர். மகன் படித்து ஆசிரியரானார், சேலத்தில் பணியாற்றினார், பின்னர்ச் சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராய் விளங்கினார். 1907-இல் கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்து, 1915-இல் கோகலே மறைந்தபின் அதன் தலைவரானார். அயல்நாட்டுப் பணிக்கென இந்தியாவில் ஓர் அமைப்பே அந்நாளில் இல்லை. இந்திய அயல்நாட்டுப் பணி உருவானது 1946-இல்தான். ஆகவே அவர் கற்ற இராஜதந்திரம் பள்ளிக்கூடத்தில் கற்றது என்று சொன்னாலும் பிழையில்லை. அடங்காத வகுப்பை அதட்டாமல் அடக்கத் தெரிந்த ஆசிரியருக்கு அமைச்சரவை பெரிதாகத் தோன்றியிராது.

1921-இல் இலண்டனில் கூடிய சாம்ராஜ்ய மாநாட்டில் அவர் இந்தியாவின் சார்பாளர். டொமினியன்களில் சட்டப்படி குடியேறி வாழும் இந்தியருக்குக் குடியுரிமை வழங்கப்பட வேண்டும் என்னும் தீர்மானம் அவருடைய முயற்சியால் நிறைவேறிற்று. மற்றவர் எல்லாரும் இசைந்தனர். தென்னாப்பிரிக்காவின் ஜெனரல் ஸ்மட்ஸ் மட்டும் இசையவில்லை. அந்த மறுப்பைத் தீர்மானத்திலேயே பதிவு செய்யவும் வைத்தார். மறு ஆண்டு சாஸ்திரியார் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா ஆகிய மூன்று நாடுகளிலும் சுற்றுப்பயணம் செய்து இந்தியர் உரிமை குறித்துப் பேசினார். தென்னாப்பிரிக்காவின் கதவு அப்போது திறக்கவில்லை.

ஆப்பிரிக்கா அவருக்குக் கொடுத்த முதல் அடி கென்யாவிலிருந்து வந்தது. அங்கே மேட்டு நிலங்கள் வெள்ளையருக்கென ஒதுக்கப்பட்டிருந்தன. இந்தியருக்குப் பொது வாக்காளர் பட்டியலில் இடமில்லை. 1923-இல் சாஸ்திரியார் இலண்டனுக்குத் தூதுக்குழுவொன்றைத் தலைமை தாங்கி அழைத்துச் சென்றார். அவ்வாண்டு ஜூலையில் வெளியான வெள்ளை அறிக்கை, மேட்டு நிலத்தை வெள்ளையரிடமே விட்டது. தனி வாக்காளர் தொகுதியையே இந்தியருக்குக் கொடுத்தது. கென்யா ஆப்பிரிக்கர் நாடு, ஆப்பிரிக்கர் நலனே தலையாயது என்றும் அறிவித்தது. மிதவாதத்தின் மணிமுடி என்று கருதப்பட்ட மனிதர் அதன்பின் பேசிய பேச்சுகளில் கசப்பு மிகுந்திருந்தது. 1924-இல் வெம்பிளியில் நடக்கவிருந்த சாம்ராஜ்யப் பொருட்காட்சியை இந்தியா புறக்கணிக்க வேண்டும் என்று சொல்லும் அளவுக்கு அவர் சென்றார். ஒத்துழையாமையை ஏற்காதவர் வாயிலிருந்து வந்த சொல் அது.

ஆப்பிரிக்கர் நலன் என்னும் சொல்லை அன்று வெள்ளையரும் நம்பவில்லை, இந்தியரும் நம்பவில்லை. இந்தியரை மறுப்பதற்குக் கண்டுபிடித்த சாக்கு என்றே சாஸ்திரியார் கருதினார்; அப்படிக் கருதியதற்குக் காரணமும் இருந்தது. ஆனால் சாக்காகச் சொல்லப்பட்டதும் உண்மையாய் இருக்கக் கூடும். இதைப் பின்னர் மீண்டும் பார்க்க நேரும்.

தென்னாப்பிரிக்காவில் 1925-இல் டாக்டர் மலான் என்னும் உள்துறை அமைச்சர் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். இந்தியர் குடியிருப்பதற்கும் கடை வைப்பதற்கும் தனிப் பகுதிகளை ஒதுக்குவது அதன் நோக்கம். இந்தியர் அயலார், அவர்கள் தொகை குறைய வேண்டும் என்பது அதன் அடிப்படை. அந்நாளில் அங்கிருந்த இந்தியர் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அம்மண்ணிலேயே பிறந்தவர்கள். பிறந்த மண்ணில் அயலார் என்று ஒரு சட்டம் சொல்வதன் பொருளைப் பர்மாவிலும் இலங்கையிலும் பின்னாளில் பட்டறிந்த குடும்பங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பேச்சுவார்த்தைக்கென 1926 டிசம்பரில் கேப் டவுனில் வட்டமேசை மாநாடு கூடிற்று. இந்தியக் குழுவுக்குத் தலைவர் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த சர் முகமது ஹபிபுல்லா. சாஸ்திரியார் ஓர் உறுப்பினர். செயலாளராயிருந்த கிரிஜா சங்கர் பாஜ்பாய் பிற்காலத்தில் சுதந்திர இந்தியாவின் வெளியுறவு அமைச்சகத்துக்கு முதல் தலைமைச் செயலாளர் ஆனவர் என்பதையும் குறிப்பிட வேண்டும். அதாவது, இந்திய இராஜதந்திரத்தின் நாற்றங்கால்களில் ஒன்று கேப் டவுனில் இருந்தது.

1927 பிப்ரவரியில் வெளியிடப்பட்ட உடன்படிக்கை இரண்டு கை உடையது. ஒரு கையால் அது மசோதாவைத் திரும்பப் பெற்றது. நிலையாகத் தங்கும் இந்தியர் நாட்டின் நிலைத்த மக்களில் ஒரு பகுதியினர், அவர்களைக் கல்வியிலும் பிறவற்றிலும் பின்தங்க விடாமல் உயர்த்துவது நாகரிகம் உடைய எந்த அரசுக்கும் கடமை என்று ஒப்புக்கொண்டது. மற்றொரு கையால் அது கப்பல் சீட்டை நீட்டியது. தாயகம் திரும்ப விரும்பும் இந்தியருக்கு இலவசப் பயணமும், பெரியவர் ஒருவருக்கு இருபது பவுனும், சிறுவருக்குப் பத்துப் பவுனும் கொடுக்கப்படும். மூன்றாண்டுக்குள் திரும்பி வராவிட்டால் தென்னாப்பிரிக்காவில் வாழும் உரிமை போய்விடும். திரும்புவதானால் வாங்கியதைக் கட்டியாக வேண்டும். தங்குகிறவர் மேனாட்டு வாழ்க்கைத் தரத்துக்குத் தங்களைப் பொருத்திக்கொள்ள வேண்டும் என்னும் நிபந்தனையும் அதில் இருந்தது.

இதை நடைமுறையில் பார்த்துக்கொள்ள ஓர் ஏஜெண்டு வேண்டும் என்று யூனியன் அரசே கேட்டது. காந்தியடிகள் சாஸ்திரியாரையே போகச் சொன்னார். சாஸ்திரியாருக்கு உடல்நிலை சரியில்லை, விருப்பமும் இல்லை. ஓராண்டுக்கென்று ஒப்புக்கொண்டு 1927 ஜூனில் போய்ச் சேர்ந்தவர், 1929 ஜனவரி வரை இருக்க வேண்டியதாயிற்று.

திருவள்ளுவர் தூதுக்கென ஓர் அதிகாரம் வகுத்தார். அதற்கு உரை கண்ட பரிமேலழகர் தூதரை இரு வகையாகப் பிரிக்கிறார்: தான் வகுத்துக் கூறுவான், கூறியது கூறுவான். தொண்டைமானிடம் அதியமானுக்காகச் சென்ற ஔவையார் முதல் வகை. டெல்லி அரசாங்கம் அனுப்ப நினைத்தது இரண்டாம் வகையினரை. ஏனெனில் அவ்வரசாங்கமே இலண்டனுக்குக் கீழ்ப்பட்டது. முதலாளிக்கே சொந்த முதல் இல்லாத கடைக்கு ஏஜெண்டாகப் போவது போன்றது அப்பணி. படை இல்லை, வாணிக வலிமை இல்லை, அவர் சார்ந்து நின்ற மக்களில் பெரும்பாலோருக்கு வாக்குரிமையும் இல்லை. நேட்டால் நகரவை வாக்கைக்கூட 1924-இல் பறித்திருந்தார்கள். எஞ்சியிருந்தது மொழி ஒன்றே. சாஸ்திரியார் கூறியது கூறுவானாக ஏறிய கப்பலிலிருந்து, தான் வகுத்துக் கூறுவானாக இறங்கினார்.

அவர் வகுத்த முறை எளிது. உடன்படிக்கையின் அந்த ஒரு விதியை, நிலைத்த மக்களை உயர்த்துவது நாகரிக அரசின் கடமை என்ற விதியை, ஊர் ஊராக எடுத்துச் சென்றார். நகர மண்டபங்களிலும், கிறித்தவக் கோயில்களிலும், பள்ளிகளிலும் வெள்ளையர் முன்னிலையில் அதனைப் பேசினார். உங்கள் அரசு கையொப்பமிட்டது இது. நீங்கள் நாகரிகம் உடையவர்கள். ஆகவே செய்வீர்கள் என்பதே அவருடைய வாதத்தின் சாரம். எதிரியைப் புகழ்ந்து அப்புகழ்ச்சிக்குள் அவனைக் கட்டிப்போடும் உத்தி இது. வஞ்சப்புகழ்ச்சி அன்று, புகழ்ச்சியையே கடனாக மாற்றும் கணக்கு. கடனைத் தள்ளுபடி செய்ய முடியாதபடி எழுதி வாங்குவது செட்டிநாட்டாருக்குத் தெரிந்த கலை.

கூட்டங்கள் எல்லாம் அமைதியாக நடக்கவில்லை. 1928-இல் டிரான்ஸ்வாலின் கிளர்க்ஸ்டார்ப் நகரில் அவர் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு கும்பல் புகுந்து கூட்டத்தைக் குலைத்தது. அவரோ அதனைப் பெரிதுபடுத்தவில்லை. இழிவுற்றவர் அமைதியாயிருந்தால் இழிவு செய்தவர் பக்கத்தில் வெட்கம் பிறக்கும் என்று அவர் நம்பினார். அம்முறை அது பிறக்கவும் செய்தது. எல்லா முறையும் பிறக்கும் என்று நம்பியதுதான் மிதவாதத்தின் பலவீனம்.

பலன் என்ன? அவ்வாண்டு வந்த மதுபானச் சட்டத்தில் இந்தியரை மதுபானம் விற்கும் விடுதிகளில் வேலைக்கு வைக்கக் கூடாது என்னும் விதி இருந்தது. நேட்டாலின் விடுதிகளில் பரிமாறும் பணியிலிருந்த இந்தியர் பலருக்கு அது ஒரே நாளில் பிழைப்பைப் பறித்திருக்கும். சாஸ்திரியாரின் வாதத்தால் அவ்விதி கைவிடப்பட்டது. டிரான்ஸ்வாலில் முறையான சீட்டின்றி நுழைந்தவர்களின் குற்றத்தை மன்னித்து, அவர்கள் தங்கும் உரிமையைக் காக்கும் ஏற்பாடு ஒன்றும் செய்யப்பட்டது. உரிமை என்ற சொல்லை மன்னிப்பு என்ற சொல்லுக்கு மாற்றி வாங்கியதை அங்கிருந்தவர் சிலர் குறை கூறினர்; தலைமுறையாய் வாழ்ந்தவன் எதற்கு மன்னிக்கப்பட வேண்டும் என்று கேட்டனர். கேள்வி நியாயமானது. நாடு கடத்தும் ஆணை வீட்டு வாசலில் நிற்கும்போது மன்னிப்பும் சோறு போடும் என்பதும் நியாயமானது.

கல்வித் துறையில்தான் அவர் கை ஓங்கியது. இந்தியக் குழந்தைகளுக்கென மைய அரசு கொடுத்த மானியத்தையே நேட்டால் மாகாணம் முழுமையாக அவர்களுக்குச் செலவிடாமல் இருந்ததை அவர் வெளிக்கொணர்ந்தார். 1928-இல் விசாரணைக் குழு அமைந்தது. அதற்கு உதவ இந்தியாவிலிருந்து கல்வி வல்லுநர்களாகக் கிச்லுவும் கார்டன் அம்மையாரும் வரவழைக்கப்பட்டனர். இந்திய மாணவருக்கென முறையான உயர்நிலைப் பள்ளியும் ஆசிரியர் பயிற்சிக் கூடமும் டர்பனில் வேண்டும் என்று சாஸ்திரியார் முனைந்தார். கட்டடத்துக்கான பணத்தை இந்தியச் சமூகமே திரட்டிக் கட்டி அரசிடம் ஒப்படைக்க, அரசு நடத்த வேண்டும் என்பது ஏற்பாடு. வணிகர் பொன்னாகவும், தொழிலாளர் காசாகவும் கொடுத்தனர். 1928-இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1929-இல் சாஸ்திரி கல்லூரி திறக்கப்பட்டபோது அவர் இந்தியாவுக்குத் திரும்பியிருந்தார். பணியின் நடுவே அவருக்குச் 'சர்' பட்டம் வழங்க முன்வந்தனர், ஏற்கவில்லை. பள்ளிக்கு வைத்த பெயர் மட்டும் நிலைத்தது.

இனி, கப்பல் சீட்டின் கதை. 1927, 1928 ஆகிய இரண்டாண்டுகளிலும் ஆண்டுக்குச் சுமார் மூவாயிரம் பேர் இருபது பவுனைப் பெற்றுக்கொண்டு கப்பலேறினர். பெரும்பாலோர் சென்னையில் வந்து இறங்கினர். அவர்களை வரவேற்றுக் குடியமர்த்தச் சென்னை அரசாங்கம் தனி அதிகாரி ஒருவரை வைத்தது. காகிதத்தில் அது 'தாயகம் திரும்புதல்'. ஆனால் இறங்கியவர்களில் தாயகத்தைக் கண்ணால் கண்டிராதவர் பலர். தந்தை விட்டு வந்த ஊருக்குப் போனால் நிலம் இல்லை; உறவு முகம் தெரியவில்லை; சாதிக் கட்டு மட்டும் மறவாமல் காத்திருந்தது. நேட்டாலில் கலப்பு மணம் செய்துகொண்டவர் பாடு இன்னும் கொடியது. இருபது பவுன் கரைந்தபின் துறைமுகத்தருகே அலைந்து, திரும்பிப் போகக் கப்பல் கேட்டவர்கள் உண்டு. பணத்தைக் கட்ட வழியில்லாததால் போக முடியாதவர்கள் மிகுதி. பவானி தயாள் சந்நியாசியும் பனாரசிதாஸ் சதுர்வேதியும் இம்மக்களை நேரில் கண்டு 1931-இல் வெளியிட்ட அறிக்கை அந்த அவலத்தை விரித்துரைக்கிறது. 1929 முதலே கப்பலேறுவோர் தொகை குறையத் தொடங்கிவிட்டது. போனவர் எழுதிய கடிதங்கள் போகாதவரை எட்டியிருக்க வேண்டும்.

இது சாஸ்திரியாரின் குற்றமா? உடன்படிக்கையின் இந்தக் கையை அவர் விரும்பி நீட்டவில்லை, ஆனால் பிடித்துக்கொண்டார். விருப்பத்தின் பேரில் போகிறார்கள் என்பது அவருக்கு ஆறுதல் தந்தது. வறுமை வைத்த தேர்வைத் தன்விருப்பம் என்று அழைக்க அவர் மனம் ஒப்பியதுதான் அவர் வாழ்வில் விளங்காத இடம். புரோகிதர் வீட்டு வறுமையை அறிந்தவர் அவர். அவருடைய வரலாற்றை 1963-இல் விரிவாக எழுதிய கோதண்டராவ், தென்னாப்பிரிக்காவில் அவருடன் செயலாளராக இருந்தவர். அந்த நூலில் அன்பு மிகுதி. அண்மையில் 2021-இல் வினீத் தாக்கூர் எழுதிய நூல் அவரை இந்தியாவின் முதல் இராஜதந்திரி என்று தலைப்பிலேயே கூறுகிறது. அதே சமயம் அவர் காணத் தவறியவற்றையும் எடுத்துக் காட்டுகிறது.

காணத் தவறியவற்றுள் பெரிது ஆப்பிரிக்கர். ஒன்றரை ஆண்டு ஆப்பிரிக்க மண்ணில் நின்று நாகரிக அரசின் கடமையைப் பேசியவர், அக்கடமை யாருக்கு மிகுதியாக மறுக்கப்பட்டதோ அவர்களைத் தம் வாதத்துக்குள் கொண்டுவரவில்லை. இந்தியர் வழக்கை ஆப்பிரிக்கர் வழக்கோடு சேர்த்தால் இரண்டும் தோற்கும் என்பது அவர் கணக்கு. இந்திய அரசின் ஏஜெண்டுக்கு வேறு மக்களின் வழக்கைப் பேச அதிகாரம் இல்லை என்பதும் உண்மை. ஆனால் மேனாட்டு வாழ்க்கைத் தரம் என்னும் அளவுகோலை ஏற்றுக்கொண்டபோதே, அதற்குக் கீழே யாரேனும் இருந்தாக வேண்டும் என்பதும் ஏற்கப்பட்டுவிட்டது. ஒப்பந்தக் கூலியின் மகனுக்கு வெள்ளையன் பக்கத்தில் நாற்காலி கேட்ட வாதம், சுரங்கத்தில் அவனருகே நின்ற ஸூலு இளைஞனுக்கு நாற்காலி கேட்கவில்லை. கென்யாவில் சாக்காகச் சொல்லப்பட்ட சொல் உண்மையாகவும் இருந்தது என்பது இதனால் விளங்கும்.

1929-இல் அவர் மீண்டும் கிழக்கு ஆப்பிரிக்கா சென்று கென்ய இந்தியருக்காகப் பொது வாக்காளர் பட்டியலை வலியுறுத்தினார். 1932-இல் கேப் டவுனில் இரண்டாம் மாநாடு கூடியபோது சரோஜினி நாயுடுவுடன் அதிலும் பங்கு கொண்டார். முதல் உடன்படிக்கையில் எதிர்பார்த்த அளவுக்கு இந்தியர் கப்பலேறவில்லை என்பது யூனியன் அரசின் குறை. ஆகவே வேறெங்கேனும் இந்தியரைக் குடியமர்த்தலாமா என்று ஆராயும் திட்டம் பிறந்தது. அதனோடு ஒத்துழைப்பதா என்பதில் அங்குள்ள இந்தியர் இரண்டாகப் பிளந்தனர். அம்மண்ணில் பிறந்தவர்கள் தனிச் சங்கம் கண்டனர். அத்திட்டத்தால் ஒரு குடும்பமும் குடியேறவில்லை. பிளவு மட்டும் மிஞ்சிற்று.

1935 முதல் 1940 வரை சாஸ்திரியார் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தார். கானாடுகாத்தான் அண்ணாமலை அரசர் கண்ட கழகத்துக்கு, ஆப்பிரிக்காவில் பள்ளி கண்டவர் துணைவேந்தராய் வாய்த்தார். அப்பதவியில் இருந்தபோதே 1936-இன் இறுதியில் மலாயா சென்று தோட்டத் தொழிலாளர் நிலை குறித்து அறிக்கை தந்தார். அது அங்குள்ள இந்தியச் சங்கங்களுக்கு நிறைவு தரவில்லை. இரு பக்கமும் ஒப்பும் சொல்லைத் தேடுகிறவருக்கு இரு பக்கமும் வசை கிடைப்பது புதிதன்று. 1944-இல் சென்னையில் அவர் வால்மீகி இராமாயணம் குறித்து ஆற்றிய முப்பது சொற்பொழிவுகளைக் கவிஞர்கள் தேடிப் படிக்க வேண்டும். இராமனை மனிதனாகவே வைத்து அவர் பேசினார். தூது போன அனுமனின் சொல்வன்மையைப் பற்றி அறிய, தூது போய் வந்த ஒருவரிடமன்றி வேறு யாரிடம் கேட்பது? அவர் எழுதிய கடிதங்களும் டி. என். ஜகதீசன் தொகுத்து நூலாக வந்துள்ளன. மேடையில் ஒளிந்த ஐயங்கள் கடிதங்களில் வெளிப்படுவதால், மேடைப்பேச்சைக் காட்டிலும் அவையே சுவை மிகுந்தவை.

1946 தொடக்கத்தில் சென்னைக்கு வந்த காந்தியடிகள் நோயுற்றிருந்த சாஸ்திரியாரைப் போய்ப் பார்த்தார். ஏப்ரல் 17-ஆம் நாள் சாஸ்திரியார் மறைந்தார். இரண்டு திங்கள் கழியுமுன் ஸ்மட்ஸின் அரசு ஆசியர் நில உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. டர்பனில் இந்தியர் மீண்டும் சத்தியாக்கிரகம் தொடங்கினர். இந்தியா தன் ஹைகமிஷனரைத் திரும்ப அழைத்து, வாணிகத்தை நிறுத்தி, வழக்கை ஐக்கிய நாடுகள் சபைக்குக் கொண்டு சென்றது. 1948-இல் அங்கே பிரதமரானவர், 1927-இல் சாஸ்திரியாரோடு உடன்படிக்கை செய்த அதே டாக்டர் மலான். அறுந்த உறவு முறையாக மீண்டும் இணைந்தது 1993-இல்.

1947 மார்ச்சில் ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரசின் தலைவர் டாக்டர் சூமாவும், நேட்டால் இந்தியர் தலைவர் டாக்டர் நாயக்கரும், டிரான்ஸ்வால் இந்தியர் தலைவர் டாக்டர் தாதுவும் ஒரு கூட்டறிக்கையில் கையொப்பமிட்டனர். இரு மக்களின் வழக்கும் ஒன்று என்று அது சொன்னது. சாஸ்திரியார் சேர்க்க மறுத்த கணக்கு அங்கே சேர்க்கப்பட்டது. அந்தத் தலைமுறையில் நெல்சன் மண்டேலாவுடன் சட்டம் பயின்று, அவருக்கு நெருங்கிய தோழராக விளங்கியவர் இஸ்மாயில் மீர். அவர் டர்பன் சாஸ்திரி கல்லூரியின் மாணவர். அப்பள்ளி இன்றும் நடந்து வருகிறது. எல்லா இனத்துப் பிள்ளைகளும் அங்கே படிக்கிறார்கள்.